ஒரே வரிசை, ஒரே தண்ணீர்

புல் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். வீட்டில் யாரும் இதைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நெல் ஆராய்ச்சி என்றால் ஊர் மரியாதை கொடுக்கும். ரப்பர் என்றால் பெண்ணே கொடுக்கும். புல் என்றால், "அதை மாடு பார்த்துக்கொள்ளுமே, உனக்கு என்ன வேலை?" என்று கேட்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் பார்த்த என் அப்பாவே அப்படித்தான் கேட்டார். எம்.எஸ்ஸி. படித்த மகள் புல் பிடுங்கப் போகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, பொன்முடிக் குளிருக்கு ஆகட்டும் என்று தன் கம்பளியை எடுத்து என் பையில் திணிப்பார்.

கலப்பு எப்படிச் செய்வது, நாற்றை எப்படி வளர்ப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் வேலை செய்த முறையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று ஒரு மனிதருடைய பிழைப்பு, நான் வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்பதில் இருந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமாக இருந்த வருடங்கள் அவை. கேரளம் என்ற பெயரில் மாநிலம் இன்னும் வரவில்லை. மலைப்பக்கத்து மாடுகளுக்கு நல்ல தீவனம் வேண்டும் என்று பொன்முடிச் சரிவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, கொஞ்சம் நிலத்தை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். குளிர்நாட்டுப் புற்கள் இங்கே நிலைக்குமா என்று பார்ப்பதுதான் திட்டம். ஒரு தடவை விதைத்தால் பல வருடம் தூர்விட்டு நிற்கிற புல். அதில் இரண்டு வகை கொண்டுவந்திருந்தோம்.

ஒன்று மத்தியதரைக் கடல் பக்கத்து நாடுகளிலிருந்து வந்தது. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை முழுக்க வறட்சி. அந்தப் புல் கோடை வந்ததும் இலையெல்லாம் காய்ந்து, அடித்தூரில் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு தூங்கும். கவனியுங்கள், இது வாட்டம் இல்லை. தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்காது. தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம், என் தம்பி பரீட்சைக்கு முன்னால் தூங்குவானே, அந்த மாதிரி. இன்னொன்று மழைக்குப் பஞ்சமில்லாத வடநாட்டு வகை. அது தூங்காது. தண்ணீர் கிடைக்கிறவரை பச்சையாக நிற்கும், கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் குணத்தில் யாரைப்போல வரும்? இதுதான் எங்கள் கேள்வி. பொன்முடிக் குளிர் இவை பூக்கப் போதாது. நீலகிரிப் பக்கம் ஓர் இடத்தில் பூக்கவைத்துக் கலந்து விதை எடுத்து வந்தோம். முதல் தலைமுறை அரைத் தூக்கம் தூங்கியது, பாதி காய்ந்து பாதி பச்சையாக. அடுத்த தலைமுறையில், அதாவது பேரன் பேத்திகளில், குணம் பிரிந்து வரும் என்று எதிர்பார்த்து, ஒவ்வொரு விதையையும் தனித்தனித் தூராக வரிசைகளில் நட்டிருந்தோம். அந்த வரிசைகளுக்குத்தான் கோடை முழுவதும் விடாமல் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றாமல் விட்டால் தூங்குகிறதும் காயும், தூங்காததும் காயும். எது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஊற்றியும் காய்ந்தால்தான் அது தூக்கம்.

அந்தத் தண்ணீரை ஊற்றியவர் செல்லையா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். எங்கள் மேற்பார்வையாளராகச் சேருவதற்காகத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி மக்களோடு எங்கள் கொட்டகையின் ஒரு பக்கத்தில் குடியிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இது போனால் அந்தக் குடும்பத்துக்குக் கூரையும் இல்லை, லயத்திலும் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். கீழே ஓடையிலிருந்து பூவாளியில் மொண்டு, சரிவேறி, தினமும் காலையும் மாலையும் ஊற்றுவார். அவருடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

கோடை நடுவில், திட்டங்களைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரி ஒருவர் பொன்முடிக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் தலைவர் (நாங்கள் எல்லோரும் 'சார்' என்போம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்) அதிகாரியோடு ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. நான் முந்தைய நாளே பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழி பஸ், மீதி வழி தேயிலை லாரி. மத்தியானம் கழிந்து சரிவில் இறங்கிப் பார்த்தால் எங்கள் நிலம் முழுக்கப் பச்சை. ஒரு காய்ந்த தூர்கூட இல்லை.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழகாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன். போனவாரம் காய்ந்து நின்றவை எங்கே?

செல்லையா சிரித்த முகமாக எதிரே வந்தார்.

"பாத்தியளாம்மா? ஒரு பொக்கை கெடையாது. எந்த வரிசையில வேணும்னாலும் நின்னு பாருங்க."

"காய்ஞ்சு நின்னதெல்லாம் எங்க?"

"கொட்டகைக்குப் பின்னால நெழல்ல வச்சிருக்கேன். ஒண்ணையும் களையல. வரிசை வரிசையா தனித்தனியா கட்டிவச்சிருக்கேன். பச்சைத் தூர்லேந்து கெள்ளி எடுத்து அந்தந்த எடத்துல வச்சு மூடிட்டேன்."

"அது தூங்குதுன்னு உம்மகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"எனக்குத் தெரியும்மா. நாளைக்கு வாறவருக்குத் தெரியுமா? அவரு குனிஞ்சா பாக்கப் போறாரு? எஸ்டேட்டுல தொரை ரவுண்டு வாறதுக்கு முந்தின நாள் இதத்தான் செய்வோம். பட்டுப்போன செடியப் பிடுங்கிட்டு அந்த எடத்துல கன்னு வச்சிருவோம். தொரை பாத்துட்டு 'சரி'ன்னுட்டுப் போயிருவாரு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீய. அவரு ஜீப்பு அந்தண்ட போனதும் எல்லாத்தையும் பழையபடி நட்டுத் தாரேன். ஒரு நாள் காரியம்."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தூங்குகிற தூர் ஒரு நாள் மண்ணைவிட்டு வெளியே கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. அதிகாரி பச்சையைப் பார்ப்பார், திட்டம் தொடரும், செல்லையா வேலை நிரந்தரமாகும், சார் முகத்தில் சிரிப்பு வரும். வரப்பில் உட்கார்ந்து நன்றாக ஆசைப்பட்டேன். அந்த ஆசை உங்களுக்கும் வரும். வராத ஆள் யாராவது இருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம், சாமியாராகப் போகட்டும்.

அப்புறம் ஒன்று உறைத்தது. நாளைக்கு அந்த மனிதர் தன் அறிக்கையில் 'நிலம் முழுவதும் பச்சை' என்று எழுதுவார். அடுத்த வருடம் நாங்கள் போய், 'போன கோடையில் இவற்றில் பல தூங்கின, தூக்கம் பிறவியில் வருகிறது' என்று சொன்னால் யார் நம்புவது? நாங்களே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பொய்தான் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

"செல்லையா, திரும்ப நடணும். இப்பவே."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "அம்மா, நாளைக்கு அவரு செத்த காட்டப் பாத்துட்டுத் திட்டத்தப் பூட்டிட்டுப் போயிட்டா, நான் எங்க போவேன்?"

"தெரியல்ல. அவர்கிட்ட நான் பேசுகேன்."

"நீங்க பேசுவிய," என்றார். அதில் நம்பிக்கையும் இல்லை, கேலியும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இடையில் வைத்திருந்த பச்சையைப் பிடுங்கிவிட்டு, இருட்டுகிறவரை பழைய தூர்களை நட்டோம். மறுநாள் விடிந்ததிலிருந்து மீதியை நட்டோம். அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார். கடைசி வரிசை முடியும்போது ஜீப் சத்தம் கேட்டது. அந்த அவசரத்தில் காலைத் தண்ணீர் ஊற்றவில்லை. அது அப்போது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அதிகாரி மலையாளி, நல்ல உயரம், முன்பு கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர் என்று சொன்னார்கள். கைத்தடியை ஊன்றி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. நட்டு முடித்த நிலம், பச்சையும் காய்ந்ததும் கலந்து, சொறி பிடித்த நாய் முதுகுபோல இருந்தது. ஓர் இடத்தில் நின்று கைத்தடியால் மண்ணைக் கிளறினார். பொடி பறந்தது.

"இன்று தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, சார்," என்றேன் நான்.

அவர் சாரைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் திட்டத்தில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோளாறு அதோ நிற்கிறது." கைத்தடி செல்லையாவைக் காட்டியது. "அந்த ஆள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை. நல்ல ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்துக்குத் தொடரலாம் என்று எழுதிவிடுகிறேன். போதுமா?"

பாருங்கள், எவ்வளவு பெரிய மனது! திட்டம் பிழைத்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவர் தலை மட்டும் போகும். அந்தத் தலைக்கு ஆங்கிலம் தெரியாது. செல்லையா கையைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி ஏதோ பேச்சு நடக்கிறது என்று மட்டும் தெரிந்து, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் புல்லுக்காக வீட்டையும் உடம்பையும் கவனிக்காமல் கிடந்தவர். அவர் மனதில் அந்த நிமிடம் தராசின் ஒரு தட்டில் புல் முழுதும் இருந்தது, மறு தட்டில் மனிதர் ஒருவர்தான் இருந்தார். நேற்று நான் நடச்சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. 'தண்ணீர் ஊற்றவில்லை' என்பதை நாங்கள் ஒப்புக்கொண்டால், போவது செல்லையா மட்டும் இல்லை. அந்தக் கோடையில் நாங்கள் கண்டது எல்லாமே தண்ணீரில்லாத வெறும் வாட்டம் என்று ஆகிவிடும். அவர் ஊற்றினார் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

"சார், இன்று காலை ஊற்றாதது என்னால்தான். செல்லையாவுக்கு வேறு வேலை கொடுத்திருந்தேன்," என்று அதிகாரியிடம் சொன்னேன். நிறுத்தாமல் தொடர்ந்தேன். "ஆனால் கோடை முழுவதும் அவர் ஊற்றியிருக்கிறார்."

"அப்படியானால் இது ஏன் காய்ந்திருக்கிறது?"

"இது காய்ந்திருக்கிறது. இதற்கு அடுத்தது பச்சையாக இருக்கிறது, அதற்கு அடுத்ததும் பச்சை, அதற்கப்புறம் மறுபடி காய்ந்தது. ஒரே வரிசை, ஒரே தண்ணீர். தண்ணீர் ஊற்றாத மனிதர், சார், ஒன்றுக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைத் தாண்டிக்கொண்டு, அப்புறம் இரண்டுக்கு ஊற்றிவிட்டு, கோடை முழுவதும் தவறாமல் அதே தூர்களைப் பார்த்துப் பார்த்தா விட்டிருப்பார்? அப்படிச் செய்ய ஊற்றுவதைவிட அதிக வேலையாகுமே!"

கோர்ட் மனிதர் அல்லவா. வரிசையின் ஒரு முனைக்குப் போய் நின்று கடைசிவரை பார்த்தார். அடுத்த வரிசைக்குப் போனார். அதையும் பார்த்தார். "அது சரியாணல்லோ," என்று தனக்குத்தானே மலையாளத்தில் சொல்லிக்கொண்டார்.

அப்போது சார் வாயைத் திறந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் ஒரு காய்ந்த தூரின் அடியைக் கீறினார். உள்ளே கறுத்துப்போயிருந்தது. செத்தது. சார் அசரவில்லை, அடுத்ததைக் கீறினார். வெள்ளையாக, ஈரமாக, நடுவில் நகக்கண் அளவு ஒரு குருத்து. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். 'குனிஞ்சா பாக்கப் போறாரு' என்று செல்லையா கேட்டாரே, அவரும் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்று செத்திருக்கிறது, ஒன்று உயிரோடிருக்கிறது," என்றார் அதிகாரி.

"ஆமாம். எதெது என்று மழை வந்தால்தான் சொல்லமுடியும்," என்றார் சார்.

"கோடையில் தூங்குகிற புல் மாட்டுக்கு எதற்கு?"

"பச்சையாக நிற்கிறதே, இதற்கு ஒரு செல்லையா வேண்டும். மலையில் மாடு வைத்திருப்பவனிடம் செல்லையா கிடையாது. அவனுக்குக் கோடையில் ஒன்றும் கொடுக்காவிட்டாலும், மழையில் தானே எழுந்துவருகிற புல்தான் வேண்டும். மறுபடி விதை வாங்கவேண்டாம்."

மழைவரை நிலமும் ஆளும் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்புக்கு நடந்தார். சார் கூடவே போனார். போகும்போது என் பக்கத்தில் நின்று, அவர் வீட்டில் பேசுகிற தமிழில், "முதல்லயே நான்னா சொல்லியிருக்கணும் கோமதி. நாக்கு எழும்பலை," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்றைக்கும் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்ததும் காய்ந்த தூர்களில் பெரும்பாலானவை எழுந்தன. சில எழவில்லை. அவற்றில் எது முன்பே செத்தது, எது செல்லையா பிடுங்கியதால் செத்தது என்று எங்களால் கடைசிவரை சொல்லமுடியவில்லை. அந்தத் தூர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம், ஏன் விட்டோம் என்பதையும் எழுதினோம். தூக்கம் பிறவியில் வருவதுதான், ஆனால் ஒரே ஒரு காரணியால் வருவது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலவற்றால் வருவது என்று எங்களுக்குப் பட்டது. திட்டம் தொடர்ந்தது. செல்லையா வேலை அந்த வருடமே நிரந்தரமாயிற்று. மாநிலம் பிரிந்தபோது என் அப்பாவின் ஊரான நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்துப் பக்கம் போயிற்று, செல்லையா பொன்முடியிலேயே இருந்துகொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அதிகாரி வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால் செல்லையா குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும், நான் மாதச் சம்பளத்தோடு பத்திரமாக அப்பா வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். உண்மை சொல்கிறவருக்கும் அதற்கு விலை கொடுக்கிறவருக்கும் நடுவில் இந்தத் தொழிலில் நிறைய தூரம் இருக்கிறது. யாராவது உங்களுக்கு ஒரு சுலபமான வழியைக் கையில் கொடுத்தால், அதை வாங்குவதற்கு முன் அது யார் தலையை மிதித்துக்கொண்டு போகிறது என்று ஒரு தடவை பாருங்கள். 'செடிகளுக்குத் தவறாமல் நீர் பாய்ச்சப்பட்டது' என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி எழுதுவீர்கள். பாய்ச்சியது ஒரு ஆள். அவருக்கு ஒரு தோள் இருக்கிறது.

அன்று ஜீப் கொண்டை ஊசி வளைவில் மறைந்ததும் செல்லையா என்னிடம் வந்தார்.

"அம்மா, என்னைக் காட்டி என்னமோ சொன்னாரே, அது என்னது?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "நீரு தண்ணி ஊத்தலைன்னு சொன்னாரு."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்க என்ன சொன்னிய?"

"கோடை பூரா ஊத்தினீருன்னு சொன்னேன்."

அவர் நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பூவாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கத் தொடங்கினார். உச்சிவெயில். முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து உட்காராத மனிதர், காலையில் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

"செல்லையா, இந்த வெயில்ல எதுக்கு? சாயங்காலம் ஊத்திக்கிடலாம், வாரும்," என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பாமலே இறங்கிக்கொண்டு சொன்னார்:

"கோடை பூரான்னு சொல்லிட்டியளே. இன்னைக்கும் கோடைதானம்மா."